வாய் கட்டிய பெரியப்பா

2012 மாசி மாதத்து ஞாயிறு மத்தியானம், பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைப் பகுதியான லா சப்பலில், உணவகம் ஒன்றின் சமையற்காரர் தவரத்தினம், மகள் கூட்டிவந்த பெடியனுக்கு "இல்லை" என்று சொல்வதற்காகவே அடுப்படியை விட்டு வெளியே வந்து மேசையில் உட்கார்ந்தார். வயது ஐம்பத்தெட்டு. ஊர் தொண்டைமானாறு. அங்குள்ள சந்நிதிக் கோயில் முருகனுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பூசை செய்த குடும்பம். அந்தப் பெருமையில், சம்பந்தம் பேச வந்த இரண்டு வீட்டாரை ஏற்கெனவே வாசலோடு அனுப்பியிருந்தார்.

பெடியன் பெயர் அர்தஷீர். ஈரான்காரன்.

"முஸ்லிமோ?" என்றார் மகள் யசோதினியிடம்.

"இல்லையப்பா, சொராஸ்திரியர். நெருப்பைக் கும்பிடுற ஆக்கள்."

"நானும்தான் நாள்முழுக்க நெருப்புக்கு முன்னாலை நிக்கிறன்."

அர்தஷீர் தன் பெயரின் கதையைப் பிரெஞ்சில் சொன்னான், யசோதினி தமிழாக்கினாள். பாரசீகத்தை நானூறு ஆண்டு ஆண்ட சாசானியரின் முதல் அரசன் பெயர் அது. அந்த அரசனுடைய பாட்டன் சாசான் நெருப்புக் கோயில் ஒன்றுக்குப் பொறுப்பாக இருந்தவனாம். பேரன் அரசனான பிறகும், காசின் ஒரு பக்கத்தில் தன் முகத்தையும் மறுபக்கத்தில் நெருப்பையும் பொறித்தான்.

"கோயில்காரன்ரை பேரன் ராசாவோ? நாங்களும் பூசை செய்தனாங்கள், என்னத்தைக் கண்டம்?"

அர்தஷீர் போனில் ஒரு படத்தை நீட்டினான். யஸ்த் நகரத்துக் கோயிலில் அவனுடைய பெரியப்பா. வெள்ளை உடுப்பு, நெருப்புக்கு முன்னால் குனிந்த முகம், மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிய வெள்ளைத் துணி.

தவரத்தினம் எழும்பிவிட்டார். சந்நிதியில் அவருடைய அப்பாவும் அப்படித்தான் வாய் கட்டிக்கொண்டு நிற்பார்.

"ஏன் வாயைக் கட்டியிருக்கு?"

"மூச்சுப் பட்டால் நெருப்புக்குத் தீட்டாம்."

"முருகா! இதென்ன இது!"

சொல்ல வந்த "இல்லை" மறந்தே போனது. "சரி, பெரியப்பாவை வரச்சொல்லு. அவரோடை கதைப்பம்."

யசோதினி இதை மொழிபெயர்க்கவில்லை.

"அவர் வரமாட்டார் அப்பா. வெளியாக்களைக் கலியாணம் கட்டினால் இவரோடை கதைக்கவே மாட்டாராம்."

"ஆர் வெளியாக்கள்?"

"நாங்கள்தான்."

அப்போதுதான் விளங்கியது. இவர் பூட்டத் தயாராக வந்த கதவை, அந்தப் பக்கத்தில் ஒருவர் முன்னமே பூட்டிவிட்டிருக்கிறார்.

"எங்களையோ? சந்நிதிப் பரம்பரையையோ?" பக்கத்து மேசைக்காரர் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினார்கள். "என்ரை பிள்ளையிலை என்ன குறை எண்டு அந்தாளைக் கேள்!"

ஆனி மாதம் கார்ஜ் லே கொனெஸ் நகரசபையில் கலியாண எழுத்து நடந்தது. பெரியப்பா வரவில்லை. பெண் பக்கத்துச் சாட்சியாகத் தவரத்தினம் கையெழுத்துப் போட்டார்.