அவளைக் கேட்டால் தெரியும்

என் மனைவி சூடாக டீ குடித்து நான் பார்த்ததே இல்லை. டம்ளரை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோவாள். அதற்குள் எங்கிருந்தாவது ஒரு குரல் வந்துவிடும். "அண்ணி, வண்டிச் சாவி எங்க?" என்று என் தம்பி. "ஏம்மா, என் கண்ணாடியப் பார்த்தியா?" என்று அப்பா. "அம்மா, பசை எங்க இருக்கு?" என்று மகள். நான் மட்டும் சும்மா இருப்பேனா? பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே, "என் நீலச் சட்டை எங்க?" என்பேன். அவள் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போவாள், கேட்ட பொருளோடு திரும்புவாள். வாய் மட்டும் சும்மா இருக்காது. "நான் ஒரு நாள் இல்லைன்னா இந்த வீட்டுல ஒருத்தரும் சட்டை போட்டுக்கிட்டு வெளிய போக மாட்டீங்க" என்பாள். அப்புறம் ஆறிப்போன டீயை முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்பாள்.

இந்தப் புலம்பலைக் கல்யாணமான நாளிலிருந்து கேட்டு வருகிறேன். அது புலம்பல் இல்லை, பெருமை என்று எனக்குத் தெரிய இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிறவன் நான். எழுத்து தலைகீழாக இருந்தாலும் படித்துவிடுவேன், பெண்டாட்டியைப் படிக்கத்தான் தெரியவில்லை.

அவள் வீட்டிலிருந்தே தையல் வேலை பார்க்கிறாள். புதுத்துணி தைப்பதில்லை. ஜிப் மாற்றுவது, பேண்ட்டின் நீளம் குறைப்பது, இறுக்கமானதைப் பிரித்துவிடுவது, அவ்வளவுதான். மிஞ்சுகிற துண்டுகளில் பையும் தலையணை உறையும் தைப்பாள். ஹாலில் ஜன்னலோரம் மிஷின். அங்கிருந்து பார்த்தால் சமையலறையும் தெரியும், இரண்டு படுக்கையறை வாசலும் தெரியும். கோட்டை வாசலில் காவல்காரன் உட்கார்ந்திருப்பது போலத்தான் உட்கார்ந்திருப்பாள்.

பொருட்களை அவள் வைத்திருந்த விதத்தைப் புதிதாக ஒருவர் பார்த்தால் தலை சுற்றும். ஸ்க்ரூடிரைவர் தையல் மிஷினுக்கு அடியில், மரச்சட்டத்தின் இடுக்கில் இருக்கும். மெழுகுவர்த்தி மாத்திரை டப்பாவுக்குப் பின்னால். பல்புகள், சூடு நிற்காமல் போன ஒரு பழைய பிளாஸ்க்குக்குள். கத்தரிக்கோல் சமையலறைக் கதவுக்குப் பின்புறம் ஆணியில். ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் வைத்திருந்தாள். வீட்டில் அடிக்கடி மக்கர் பண்ணுவது மிஷின்தான். கரண்ட் போனால் அப்பா முதலில் தடவுவது மாத்திரை டப்பாவைத்தான். கத்தரிக்கோல் கண்ணில் பட்டால் மகள் அதை எடுத்து அட்டை வெட்டி முனையை மழுக்கிவிடுவாள். இதெல்லாம் அவள் தலைக்குள் மட்டும் இருந்தது. எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான், அவளைக் கேட்டால் தெரியும்.

அப்படி இருந்த வீட்டுக்குத்தான் சின்னவள் வந்தாள். தம்பி மனைவி. மருந்துக் கிடங்கு ஒன்றில் வேலை. ஆயிரம் வகை மருந்து எந்த அடுக்கில் எந்தப் பெட்டியில் என்று பார்க்கிற வேலை. நல்ல பெண். வந்த நாளிலிருந்து என் மனைவியை "அக்கா, அக்கா" என்றுதான் சுற்றி வந்தாள். குறை சொல்ல ஒரு இடமாவது வைத்திருந்தால் என் மனைவி பிழைத்திருப்பாள்.

ஒரு முறை விடுமுறை எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தவள், செருப்புக்கடையிலிருந்து காலி அட்டைப்பெட்டிகளாகக் கொண்டுவந்து குவித்தாள்.

"அக்கா, எல்லாத்தையும் பெட்டி போட்டு அடுக்கிடலாமா? உங்களுக்கும் அலைச்சல் குறையும்."

"செய்யேன். யார் வேணாம்னா?" என்றாள் என் மனைவி. எத்தனை நாளைக்கு நிற்கப் போகிறது, பார்த்துவிடலாம் என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

சின்னவள் உடனே ஆரம்பித்துவிடவில்லை. வீடு முழுக்கச் சுற்றி, "இதை ஏன்க்கா இங்க வெச்சிருக்கீங்க?" என்று ஒவ்வொரு பொருளாகக் கேட்டாள். அதுவரை எங்களில் ஒருவரும் கேட்காத கேள்வி. என் மனைவி மிஷினை நிறுத்திவிட்டு மத்தியானம் முழுக்க விளக்கம் சொன்னாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

பிறகு வேலை நடந்தது. பெட்டிகளுக்குத் தம்பியின் பழைய சட்டைகளாலும் என் மனைவியின் துண்டுத் துணிகளாலும் உறை தைத்தார்கள். எழுத்து எழுதினால் அப்பாவுக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க வராது, கண்ணாடியைத் தேடவே கண்ணாடி வேண்டும் என்று, சின்னவள் ஒவ்வொரு பெட்டியின் முகத்திலும் உள்ளே இருப்பதை நூலால் படமாகத் தைத்தாள். பல்பு, சாவி, கத்தரிக்கோல், ஊசி, மெழுகுவர்த்தி. தம்பி ஹால் சுவரில் பலகை அடித்தான். எல்லாம் ஏறியதும் பக்கத்து வீட்டு அம்மா வந்து பார்த்துவிட்டு, "இத்தனை நாளா இந்த ஹால் இவ்ளோ பெருசா இருந்துச்சா?" என்றார். என் மனைவியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

அதற்கப்புறம் வீடு அமைதியாகிவிட்டது. தம்பி தானே சாவியை எடுத்துக்கொண்டு போனான். அப்பா தானே கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். நானும் என் சட்டையை நானே கண்டுபிடித்தேன், அதில் எனக்கு ஒரு அசட்டுப் பெருமை வேறு. என் மனைவி காலையில் டீயோடு உட்கார்ந்தாள். யாரும் கூப்பிடவில்லை. அவள் வாசலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், டம்ளரைப் பார்த்தாள். முழு டீயையும் சூடாகக் குடித்து முடித்தாள்.

"எப்படி இருக்கு?" என்றேன், கிண்டலாக.

"நாக்கு வெந்துபோச்சு" என்றாள்.

சில நாளில் பெட்டிகளிலிருந்து பொருட்கள் காணாமல் போக ஆரம்பித்தன. மெழுகுவர்த்திப் பெட்டியில் மெழுகுவர்த்தி இல்லை. பல்புப் பெட்டி காலி. என் மனைவி மிஷினில் உட்கார்ந்து, யாராவது தன்னைக் கூப்பிடுவார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. படம் தைத்தவள் யாரோ அவளைத்தானே கேட்பார்கள்? தம்பி கிடங்குக்கே போன் போட்டு, "மெழுகுவர்த்தி எங்க வெச்ச?" என்றான். அவள் அங்கிருந்தபடியே, "மாத்திரை டப்பாவுக்குப் பின்னாடி பாருங்க" என்றாள். இருந்தது. இன்னொரு நாள் அப்பா பல்பு கேட்டார். "அந்தப் பழைய பிளாஸ்க்கைத் திறந்து பாருங்க மாமா." இருந்தது.

"அவளுக்கு என்ன ஜோசியமா தெரியும்?" என்று என் மனைவி என்னிடம் பல்லைக் கடித்தாள். அப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை.

ஒரு மத்தியானம் அச்சகத்தில் கரண்ட் இல்லாமல் சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். என் மனைவி ஸ்டூலில் ஏறி நின்றுகொண்டிருந்தாள். கையில் கத்தரிக்கோல், காலடியில் திறந்த பெட்டி. கையும் களவுமாக மாட்டிக்கொண்டவள், கொஞ்சமாவது திருதிருவென்று விழிப்பாள் என்று பார்த்தேன். விழிக்கவில்லை.

"ஆமா, நான்தான் எடுக்கறேன். வயிறு எரியுது. போதுமா?"

"எதுக்கு எரியணும்? அந்தப் பொண்ணு உனக்கு என்ன பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணல. அதான் எரியுது." ஸ்டூலிலிருந்து இறங்கி உட்கார்ந்தாள். "நீங்க அச்சகத்துக்குப் போனா மிஷின்காரர். மாமா வீட்டுக்குப் பெரியவர். உங்க தம்பி சம்பாதிக்கிறார், அவளும் சம்பாதிக்கிறா. நான் யாரு? எங்க என்ன இருக்குன்னு தெரிஞ்சவ. இப்ப அதையும் அட்டைப்பெட்டி பாத்துக்குது."

என்ன சொல்வதென்று தெரியாதபோது நான் தத்துப்பித்தென்று எதையாவது உளறுவேன். "அதுக்காகப் பெட்டியோட சண்டை போடுவியா?" என்றேன். அவள் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. ஆனாலும் நான் யாரிடமும் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. தம்பி வெளியே போயிருந்தான், மகள் தோழி வீட்டில். அப்பா குளிக்கப் போனார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து கதவைத் தட்டினார்.

"தாழ்ப்பாள் சிக்கிக்கிச்சு. வர மாட்டேங்குது."

வெளிப்பக்கம் திறக்கிற கதவு அது. கீல்கள் எங்கள் பக்கம் இருந்தன. திருகாணிகளைக் கழற்றினால் கதவு கையோடு வந்துவிடும். "பயப்படாதீங்கப்பா, அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூடிரைவர் பெட்டியை எடுத்தேன். காலி.

என் மனைவியைப் பார்த்தேன். அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. நேராகச் சமையலறைக்குப் போய் அரிசி டின்னில் முழங்கை வரை கைவிட்டுத் துழாவினாள். இல்லை. செருப்பு வைக்கிற தட்டைக் கவிழ்த்தாள். இல்லை. தலையணை உறையைப் பிரித்துப் பஞ்சை வெளியே இழுத்தாள். அங்கும் இல்லை. முந்தின நாள் அவள் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு, சின்னவள் கனவிலும் நினைக்காத இடமாகப் பார்த்து ஒளிக்க வீட்டைச் சுற்றி வந்திருக்கிறாள். அரிசி டின்னா, தலையணையா என்று யோசித்தவளுக்கு, எதில் வைத்தோம் என்பது மறந்துவிட்டது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல அவள் தன் சொந்த வீட்டில் நின்றாள்.

"நான் ரெண்டு தடவை குளிச்சு முடிச்சாச்சு" என்று உள்ளேயிருந்து அப்பா சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "காத்து கம்மியா இருக்கும்மா" என்றார். அதைச் சிரிக்காமல் சொன்னார்.

"எங்க வெச்ச? யோசி" என்று நான் கத்திவிட்டேன்.

"தெரியலயே" என்றாள் என் மனைவி. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை.

சத்தம் கேட்டு மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சின்னவள் ஓடிவந்தாள். என் கையிலிருந்த காலிப் பெட்டியைப் பார்த்தாள், ஒரு கேள்வி கேட்கவில்லை. மற்றப் பெட்டிகளின் பக்கம்கூடத் திரும்பவில்லை. நேராகத் தையல் மிஷினுக்குப் போய்க் குனிந்து, மரச்சட்டத்தின் இடுக்கில் கைவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

கதவு கழன்று வந்ததும் அப்பா துண்டோடு வெளியே வந்து, விசிறிக்கு நேராக நாற்காலியில் உட்கார்ந்து, "ஒரு டீ கிடைக்குமா?" என்றார். அப்போதுதான் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

என் மனைவிக்கு மட்டும் வரவில்லை. அவள் மிஷினையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

சின்னவள் தயங்கினாள். "நீங்க முன்னாடி வெச்சிருந்த இடம்தானேக்கா. பெட்டியில எது காணாம போனாலும் அது உங்க பழைய இடத்துலதான் இருக்கும். ஒரு தடவைகூட மாறினதில்ல. உங்களுக்கே தெரியாம உங்க கை அங்க கொண்டுபோய் வெச்சிடுது." பிறகு, "நான் யார்கிட்டயும் சொல்லலக்கா" என்றாள்.

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவும் முடியாது. என் மனைவி அப்பாவுக்கு டீ போடப் போனாள். நான் பின்னாலேயே போனேன். ஒளிக்க இடம் தேடிக்கொண்டிருந்தபோது ஜிப் மாற்ற யாரோ வந்து கதவைத் தட்டியதும், அவசரத்தில் கையிலிருந்ததை மிஷினுக்குக் கீழே செருகியதும் அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்ததாம். அடுப்பைப் பார்த்துக்கொண்டே அழுதாள்.

"என்கிட்ட அது ஒண்ணுதான் இருந்துச்சு. அவ்வளவு பெருமையா நானே உக்காந்து அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இப்ப என் இடமெல்லாம் என்னைவிட அவளுக்குத்தான் நல்லாத் தெரியுது."

அன்று எனக்குக் கிண்டல் வரவில்லை. நல்லவேளையாக உளறவும் இல்லை.

மறுநாள் காலை அவள் டீயோடு மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சின்னவள் தன் அறையிலிருந்து கூப்பிட்டாள்.

"அக்கா, ஊசி எங்க இருக்கு?"

அறைக் கதவு திறந்துதான் இருந்தது. நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே தெரிந்தது. அவள் மடியில் பட்டன் அறுந்த சட்டை, சட்டைக்கு மேலே ஊசிப்படம் போட்ட பெட்டி, மூடி திறந்தபடி. எனக்குத் தெரிந்தது என் மனைவிக்கும் தெரிந்தது.

"மடியில வெச்சுக்கிட்டே கேக்குறா பாருங்க" என்றாள் குரலைத் தாழ்த்தி. "என்னைப் பார்த்து பாவப்படுறா. இவ என்ன எனக்குப் பாவப்படுறது?"

"அப்ப போகாத."

"கேட்டுட்டாளே" என்று சொல்லி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள்.

போனவள் சீக்கிரம் வரவில்லை. உள்ளே இரண்டு பேர் குரலும் கேட்டது, என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை. திரும்பி வரும்போது என் மனைவியின் முகத்தில், தேர்வில் ஜெயித்த பிள்ளையின் களை இருந்தது.

"பெட்டியில ஊசி தச்சிருக்கா பாருங்க, அதுல காதே இல்ல. அது ஊசியா, ஆணியா? பிரிச்சுட்டு மறுபடியும் தைன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

டம்ளரைக் கையில் எடுத்தாள். டீயின் மேல் ஆடை படிந்திருந்தது.

"சூடு பண்ணித் தரட்டுமா?" என்றேன்.

"வேண்டாம்" என்றாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தாள்.