கண்ணாடிக் கடையில் யாரும் சாவதில்லை

எங்கள் தெருக் கண்ணாடிக் கடைக்காரருக்குச் சிரிப்பு வந்தால்கூட அது உதட்டிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் வெளியே வரும். கண்ணாடி அறுக்கிறவர் அப்படித்தான் இருக்க வேண்டும் போல; கொஞ்சம் குலுங்கினாலும் கோடு கோணிவிடும். பத்து விரலில் பாதிக்கு எப்போதும் பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். ஆனால் சினிமாப் பேச்சு என்று வந்துவிட்டால் ஆளே வேறு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கடையில் எங்கள் சபை கூடும். கடைக்கார அண்ணன், பஸ் கண்டக்டர், இன்டர்வெல், நான். இன்டர்வெல் என்பது தையல்காரருக்கு நான் வைத்த பெயர். எந்தப் படமானாலும் இடைவேளைக்குப் பிறகு தூங்கிவிடுவார். கிளைமாக்ஸைப் பற்றித்தான் அதிகம் சண்டை போடுவார். என்னை வாலு என்பார்கள். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் நிம்மதியாகப் பிரிந்துவிட்டோம். பார்த்த படத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று ஆளுக்கொரு மார்க். ஓரம் உடைந்த ஒரு கண்ணாடியில் அதை எழுதுவது என் வேலை. கடைசி மார்க் உள்ளேயிருந்து வரும்.

உள்ளே என்றால் பலகைத் தடுப்புக்குப் பின்னால். அங்கே கட்டிலில் அண்ணனின் மனைவி, எங்களுக்கு அக்கா. நுரையீரல் நோய். மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர். அண்ணன் படம் பார்த்துவிட்டு வந்து அக்காவுக்கு முழுக் கதையும் சொல்வார். அதைக் கேட்டுத்தான் அக்கா மார்க் போடுவார்.

சபைக்கு ஒரே ஒரு சட்டம். படத்தில் யார் செத்தாலும் இந்தக் கடையில் சாகக் கூடாது. கதை சொல்லும்போதே அண்ணன் எல்லாரையும் பிழைக்க வைத்துவிடுவார். தடுப்புக்கு அந்தப் பக்கம் காது இருப்பதால் நாங்களும் அதே பொய்யை உரக்கப் பேச வேண்டும். கத்திக்குத்து பட்டவன் ஆஸ்பத்திரியில் கண் விழிப்பான். மலையிலிருந்து விழுந்தவன் கீழே போகிற வைக்கோல் லாரியில் விழுவான். லாரி என் கற்பனைச் சரக்கு. அந்த வருஷம் அது மூன்று படத்தில் ஓடியது.

“அந்த லாரி எப்படிடா கரெக்டா அங்க வந்துச்சு?” என்று இன்டர்வெல் நிஜமாகவே கேட்பார்.

“நீங்க தூங்கிட்டிருந்தப்ப வந்துச்சுண்ணே.”

கண்டக்டர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவார். அண்ணன் மட்டும் தடுப்பையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் அண்ணன் காலி சிலிண்டரை மாற்றிக்கொண்டு வரப் போனார். அக்காவுக்குத் துணையாக நான் இருந்தேன்.

“டேய் வாலு, இவ்வளவு படத்துல ஒருத்தன்கூடவாடா சாகல?”

“எல்லாம் நல்ல டாக்டருங்கக்கா.”

“அதுல ஒருத்தர இங்க அனுப்பி வைக்கக் கூடாதா?”

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். அது இருமலாகி, இருமல் நீலமாகி, அவர் மூச்சு திரும்பி வருவதற்குள் என் மூச்சு போய்விட்டது.

“என் தங்கச்சிகூடப் பேசி வருஷக்கணக்காச்சு,” என்றார் பிறகு. “ஒரு தடவ பாக்கணும். கூப்பிடுங்கன்னா, ‘நீ எந்திரிச்சதும் நாமளே போலாம்’ங்கிறாரு. அவளக் கூப்பிட்டா நான் போகப் போறேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமாம். நான் வாயத் தொறந்தாலே எந்திரிச்சு வெளிய போயிடுறாரு. யாராவது அவரு முன்னாடி சாவுங்கிற வார்த்தைய ஒரு தடவ சத்தமாச் சொல்லணும்டா. வம்பு பண்றதுல உன்ன விட்டா யாரு இருக்கா?”

நான் சிலிண்டர் மீட்டரின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரப் படத்தில், நோயாளி மனைவியைப் புருஷன் ஊருக்குக் கூட்டிப் போவான். ரயில் நிலையத்தில் அவன் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவதற்குள் அவள் செத்துப் போவாள். அக்காவுக்குச் சொன்ன கதையில் அண்ணன் அவளை எழுப்பி ரயிலில் ஏற்றியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் பெரிய கண்ணாடி ஒன்றை அறுத்துக்கொண்டிருந்தார்.

“அந்தம்மா ரயில்ல ஏறுச்சு பாருங்க, அங்க நான் கைதட்டிட்டேன்,” என்று கண்டக்டர் தடுப்புப் பக்கம் திரும்பி ஆரம்பித்தார்.

“ஏறலண்ணே,” என்றேன். “பிளாட்பாரத்துலயே செத்துப்போச்சு.”

கட்டர் கோணியது. கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டு இரண்டாகத் தரையில் விழுந்தது. அண்ணன் என்னைப் பார்த்த பார்வைக்கு அடித்திருந்தால் தேவலை. இன்டர்வெல்கூட முழித்துக்கொண்டிருந்தார்.

“எட்டு,” என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு, “இந்த வருஷத்துல இதாங்க படம்.” இன்னொரு மூச்சு. “என்னங்க, கொஞ்சம் உள்ள வாங்க.”

அவர் போனார். நாங்கள் மூவரும் உடைந்ததைக் கூட்டி அள்ளினோம். யாரும் யாரையும் திட்டவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கிளம்பினோம்.

அதே மாதத்தில் அக்கா போய்விட்டார். காரியம் முடிகிறவரை அண்ணன் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடை மறுபடி திறந்த ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் போனேன். ஓரம் உடைந்த கண்ணாடியை யாரோ துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தார்கள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அவங்க தங்கச்சி வந்தாங்களாண்ணே?”

“வந்தா.” அளவு நாடாவைச் சுருட்டினார். “நீ சொன்ன அன்னிக்கு உங்கக்காகிட்ட கூப்பிடுறேன்னுதான் சொன்னேன். ஆனா போனைக் கையில எடுக்க எனக்கு ஒரு வாரம் ஆயிடுச்சு. தங்கச்சி உடனே கிளம்பித்தான் வந்தா. அதுக்குள்ள உங்கக்காவுக்குப் பேச்சு நின்னுபோச்சு. கையப் புடிச்சுக்கிட்டு ரெண்டு பேரும் பாத்துக்கிட்டே இருந்தாங்க. அவ்வளவுதான்.”

நாடாவை மேஜையில் வைத்துவிட்டு, “ரெண்டு மாசம் முன்னாடியே நீ அத உளறியிருக்கலாமேடா,” என்றார்.

இந்தத் தடவை மலையிலிருந்து விழுந்தவன் நான். வைக்கோல் லாரி வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை.

அவர் ஒரு கண்ணாடியின் முனையைத் தூக்கினார்.

“அந்தப் பக்கம் புடி. விரல் பத்திரம்.”