முந்தும் கை

என் அத்தானின் கம்ப்யூட்டரை ஒரு தடவையாவது தூக்கிக் கிணற்றில் போட நினைக்காதவர் எங்கள் குடும்பத்தில் கிடையாது. பொத்தானை அமுக்கிவிட்டு அவர் குளிக்கப் போவார். தலையைத் துவட்டிக்கொண்டு வரும்போதுதான் திரையில் ஏதோ நிறம் தெரியும். பாட்டுப் போடுகிற சாஃப்ட்வேரைத் திறப்பது அதற்கு மேல் ஒரு தனிக்கதை. அதற்குள் அக்கா சமையலை முடித்துப் பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். எனக்குக் கோபம் மூக்கு நுனியிலேயே இருக்கும். அந்தப் பெட்டியின் விலாவில் ஒரு தட்டு தட்டுவேன்.

"அதை அடிக்காத மச்சான். வயசானது" என்பார் அத்தான்.

மூடிப்போன ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து வாங்கி வந்தது அது. நான் டிசைனிங் கடை வைத்திருக்கிறேன். விசிட்டிங் கார்டு, கடை போர்டு, பில் புக் எல்லாம் செய்து கொடுப்போம். கம்ப்யூட்டர் பற்றி ஓரளவு தெரியும். உள்ளே ஏதாவது மாற்றிப் போட்டு வேகமாக்கலாம் என்று திறந்து பார்த்தேன். அதற்குப் பொருந்துகிற சாமான் எதுவும் கடைகளில் இல்லை. வேறு வாங்கலாம் என்றால், பழகிவிட்டது, இருக்கட்டும் என்று ஒரே பிடிவாதம். சாதுவான மனிதர்தான். பிடித்தால் மட்டும் உடும்புப் பிடி.

அத்தான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். அவர் செய்கிற வேலைக்கு ஒரு பெயர் கிடையாது. அக்காவுக்கு அதுதான் பெரிய குறை. "உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், அவள் முகம் சுருங்கிவிடும். மியூசிக் பண்றார் என்றால் எந்தப் படத்தில் என்பார்கள். எந்தப் படத்திலும் அவர் பெயர் வந்ததில்லை. ஆனால் அவர் போட்ட மெட்டுகள் வந்திருக்கின்றன.

நடந்தது இவ்வளவுதான். ஊரறிந்த ஓர் இசையமைப்பாளர் இருந்தார். எல்லோரும் அவரைப் பெரியவர் என்பார்கள். அவருடைய அசிஸ்டெண்ட் அத்தானுக்குப் போன் செய்வான். "அண்ணே, சீன் இதுதான். பொண்ணு பஸ்சை விட்டுட்டு நிக்கிறா. கோவம் இருக்கு, அழுகை வரல. சாயங்காலத்துக்குள்ள நாலஞ்சு மெட்டு அனுப்புங்க." அத்தான் அனுப்புவார். அதில் ஒன்றை எடுத்துப் பெரியவர் தட்டி நீட்டிப் பாட்டாக்குவார். இப்படியே வருஷக்கணக்காக ஓடியது. வாயில்லாப்பூச்சி என்றால் அத்தான்தான்.

அவர் வேலை செய்வதைப் பார்த்தால் பரபரப்பாக இருக்கும். அந்தக் கம்ப்யூட்டர் எந்த நேரம் உறைந்து நின்றுவிடும் என்று சொல்ல முடியாது. அதனால் தோன்றியதைத் தோன்றிய வேகத்தில் பிடித்தாக வேண்டும். முதலில் மைக்கில் வாயால் முனகி ஒரு வரி. உடனே சேமிப்பு. அப்புறம் கீபோர்டில் மெட்டு. மறுபடி சேமிப்பு. ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று டிராக் வரை தாங்கும். நாலாவதுக்கு விக்கும். ஐந்தாவது போட்டால் திரை வெளுத்துவிடும், எல்லாம் போச்சு. இருப்பது ஒரே அறை. ஒரு சுவரோரம் கம்ப்யூட்டர், எதிர்ச் சுவரோரம் அக்காவின் தையல் மெஷின். ஒரு கம்பெனிக்கு யூனிஃபார்ம் தைத்துக் கொடுத்தாள் அவள். அவர் இடது கையைத் தூக்கினால் அக்கா மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவாள். கை இறங்கினால் மறுபடி மிதிப்பாள். ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள்.

அந்தப் பெட்டிக்கு இன்னொரு வியாதியும் இருந்தது. கீபோர்டில் கட்டையை அழுத்தினால் சத்தம் உடனே வராது. கண்ணை மூடித் திறக்கிற நேரம் கழித்து வரும். நான் ஒருநாள் உட்கார்ந்து அழுத்திப் பார்த்துவிட்டு, "என்ன அத்தான், தபால்ல வருதா?" என்றேன்.

"வரும். நாம கொஞ்சம் முன்னாடியே அழுத்திக்கணும், அவ்வளவுதான்."

அப்படித்தான் அவர் அழுத்துவார். டிக் டிக் என்று தாளம் ஓடும். தாளத்துக்கு முன்னால் விரல் விழும். சத்தம் தாமதித்து வந்து தாளத்தின் மேல் கச்சிதமாக உட்காரும். கையைப் பார்த்துக்கொண்டே கேட்டால் தலை சுற்றும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் சொக்கிப் போவோம்.

ஒருநாள் அசிஸ்டெண்ட் போன் செய்தான். பெரியவரின் கீபோர்டுக்காரர் வெளிநாட்டுக்குப் போய்விட்டாராம். அந்த மெட்டுகளை வாசிக்கிறது யார், கூட்டி வா, நம்மோடு உட்காரட்டும் என்று பெரியவரே சொல்லிவிட்டாராம். நிரந்தரமான வேலை. பெயரும் போடுவார்கள். அக்கா போனை வாங்கி அவன் சொன்னதை இன்னொரு தடவை சொல்ல வைத்துக் கேட்டாள். அப்புறம் எனக்குப் போன் செய்து அழுதாள். "இனிமே யாராவது கேட்டா நான் வாயைத் திறந்து சொல்லலாம்டா." பக்கத்து வீடு, கம்பெனி சூப்பர்வைசர், மாவு அரைக்கிற இடம் என்று ஒரே நாளில் எல்லோரிடமும் சொல்லித் தீர்த்தாள்.

ஸ்டுடியோவுக்கு நானும் கூடப் போனேன். கதவு ஒவ்வொன்றும் ஒரு சாண் தடிமன். உள்ளே பல் கிட்டிக்கிற மாதிரி குளிர். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் பெரியவர், அசிஸ்டெண்ட், பின்னால் ஓரமாக நான். அந்தப் பக்கம் டிரம்ஸ்காரர், கிதார்காரர், நாலு வயலின். நடுவில் அத்தான், இஸ்திரி போட்ட சட்டையில். வாசிக்க வேண்டியது அவருடைய மெட்டுதான். பஸ்சை விட்ட பெண்ணின் மெட்டு.

தாளம் தொடங்கியது. அத்தான் வாசித்தார். முதல் கட்டையில் விரல் விழுந்த வேகத்தில் சத்தம் வந்ததும் சூடு பட்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார்.

"பரவாயில்லண்ணே. இன்னொரு தடவை" என்றான் அசிஸ்டெண்ட், மைக்கில்.

இன்னொரு தடவை. எல்லோருக்கும் முன்னால் அவர் மட்டும் ஓடினார். டிரம்ஸ்காரர் திரும்பிப் பார்த்தார். மூன்றாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாக வாசிக்கப் பார்த்தார். அது நொண்டியது. அதற்கப்புறம் எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. என் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் போல இருந்தது. வயலின்காரர்கள் வில்லை மடியில் வைத்துவிட்டுச் செல்போனைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

பெரியவர் எழுந்து உள்ளே போனார். குரலை உயர்த்தவில்லை. மைக் திறந்திருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

"தம்பி, நான் கோவிச்சுக்க மாட்டேன். உண்மையைச் சொல்லுங்க. இவ்வளவு நாள் அனுப்பினதெல்லாம் யார் வாசிச்சது?"

"நான்தாங்க."

"அதுல தாளம் நூல் பிடிச்ச மாதிரி இருக்கு. நீங்க வாசிக்கிறது அப்படி இல்லையே. உண்மையா வாசிச்சவரைக் கூட்டிட்டு வாங்க. அவருக்குச் சேர வேண்டிய இடம் இது."

எனக்கு ரத்தம் கொதித்தது. கண்ணாடியில் ஓங்கிக் குத்தியிருப்பேன். அசிஸ்டெண்ட் என் தோளைப் பிடித்து அமுக்கினான். அத்தான் எழுந்து வந்து, வணக்கம் சொல்லி, செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். வழியெல்லாம் நான்தான் கத்திக்கொண்டு வந்தேன். "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? என் வீட்டுக் கம்ப்யூட்டர் லேட்டா சத்தம் போடும், அதுக்குப் பழகின கை இதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"உள்ள உக்காந்திருக்கும்போது எனக்கே அது புரியல மச்சான். என்னமோ ஆயிடுச்சுன்னு மட்டும்தான் தெரிஞ்சுது" என்றார். "இப்ப புரியுது. இனி சொன்னா யாரு நம்புவா?"

விஷயம் கேட்ட அக்கா அழவில்லை. விறுவிறுவென்று வயர்களைப் பிடுங்கினாள். பழைய சாமான் வாங்குகிறவனைத் தெருவில் நிறுத்தி, அந்தப் பெட்டியைத் தன் கையாலேயே தூக்கி அவன் வண்டியில் போட்டாள். "இந்தப் பீடை தொலைஞ்சாத்தான் நமக்கு விடியும்" என்றாள். அத்தான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்கவில்லை.

மறுநாளே அவள் அசிஸ்டெண்டைத் தேடிப் போனாள். என்ன பேசினாளோ, எப்படிக் கெஞ்சினாளோ, எனக்குத் தெரியாது. சொல்லவும் மாட்டாள். அவன் நல்லவன். "வேற ஆளை இன்னும் போடல அண்ணி. அண்ணன் கை சரியானதும் எனக்கு ஒரு போன் பண்ணுங்க. நான் பெரியவர் கால்ல விழுந்தாவது இன்னொரு தடவை உக்கார வைக்கிறேன்" என்று சொல்லி அனுப்பினான். நான் என் கடையிலிருந்து நல்ல கம்ப்யூட்டராகப் பார்த்து ஒன்றைக் கொண்டுவந்து அத்தானுக்கு மாட்டிக் கொடுத்தேன். இதில் அழுத்தினால் சத்தம் அந்த நொடியே வரும். பழைய பழக்கம் போகிற வரைக்கும் சாதகம் செய்ய வேண்டியதுதான் என்று நினைத்தோம்.

போகவில்லை. காலையில் உட்கார்ந்தால் அக்கா சாப்பிடக் கூப்பிடும் வரை டிக் டிக் மட்டும் போட்டுக்கொண்டு ஒரே கட்டையை அழுத்திக்கொண்டிருப்பார். விரல் முன்னால் போய் விழும். திட்டிக்கொள்வார். மறுபடியும் விழும். வலது கையை இடது கையால் அடித்துக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன். தாளத்தோடு சேர்ந்து ரெண்டு வரி வாசித்துவிட்டால் அக்கா தையலை நிறுத்திவிட்டுப் பார்ப்பாள். அவள் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் மூன்றாவது வரி ஓடிவிடும்.

அதைவிட மோசமான ஒன்றை அவர் அக்காவிடம் சொல்லவில்லை. அவள் தைத்ததைக் கம்பெனியில் கொடுக்கப் போயிருந்தபோது என்னிடம் சொன்னார்.

"மெட்டே வரமாட்டேங்குது மச்சான்."

"மனசு சரியில்ல. வரும்."

"அது இல்லடா. முன்னாடி அழுத்திட்டுச் சத்தம் வர்ற வரைக்கும் ஒரு சின்ன இடம் இருக்கும். அதுக்குள்ளதான் அடுத்தது எங்க போறதுன்னு எனக்குத் தோணும். இவ்வளவு வருஷமா அப்படித்தான் போட்டிருக்கேன்னு இப்பதான் தெரியுது. இதுல அழுத்தின உடனே சத்தம் மூஞ்சில அடிக்குது. நான் வெறுமனே நிக்கிறேன்." அப்புறம், "இதை மெதுவாக்க முடியுமா?" என்றார்.

நான் எகிறிவிட்டேன். "உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? அக்கா போய் யார் யார் வாசல்லயோ நின்னுட்டு வந்திருக்கா. கடையில வேலையை விட்டுட்டு நான் மெஷினைத் தூக்கிட்டு வந்தது மெதுவாக்கவா?" இன்னும் என்னென்னவோ சொன்னேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "ஒரே ஒரு மெட்டு வருதான்னு பார்க்கணும்" என்றார். "வரலைன்னா நான் யாருன்னே எனக்குத் தெரியல."

வயதில் மூத்த மனிதர், என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னால் தாங்க முடியவில்லை. சத்தம் எவ்வளவு தாமதமாக வர வேண்டும் என்று கூட்டிக் குறைக்க அந்த சாஃப்ட்வேரில் ஓர் இடம் உண்டு. மட்டமான மெஷினுக்காக வைத்தது. எண்ணைக் கூட்டிக்கொண்டே போனேன். "இன்னும் கொஞ்சம்" என்றார். "இன்னும்." ஓர் இடத்தில் நிறுத்தச் சொன்னார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அப்படி ஒரு மெட்டை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. ஒரே மூச்சில் வந்தது. தாளம் ஓட, அதன் மேல் ஒவ்வொரு சத்தமும் கச்சிதமாக உட்கார்ந்தது. எங்கேயும் தேடவில்லை, எங்கேயும் நிற்கவில்லை. சந்தோஷமான மெட்டு இல்லை. அத்தானின் தோள் இறங்கி, முகம் பழைய முகமாக ஆகியிருந்தது.

அக்கா திரும்பி வந்து வாசலில் நிற்பதை நான் அப்புறம்தான் பார்த்தேன். தோளில் துணிப்பை தொங்கியது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கையைப் பார்க்கவில்லை அவள். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சரியாயிடுச்சு" என்றாள். "தம்பி, சரியாயிடுச்சுடா."

சொல்லிக்கொண்டே சிரித்தாள். கண்ணீரும் வந்தது. அவள் இப்படிச் சிரித்து எவ்வளவு காலம் ஆகிவிட்டது. நான் விஷயத்தைச் சொல்வதற்குள் துணிப்பையைத் தரையில் போட்டுவிட்டு அவள் போனை எடுத்தாள். எங்களுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடிக்கத் தொடங்கியது.

"வச்சிடு" என்றார் அத்தான். அவர் அக்காவிடம் அதிகாரமாகப் பேசி நான் கேட்டதில்லை. "என் கை அப்படியேதான் இருக்கு. மச்சான்கிட்ட சொல்லி மெஷினை மெதுவாக்கியிருக்கேன். பழையபடி."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. அவள் மெதுவாக அவர் பக்கம் திரும்பி, கட்டைகளின் மேல் இருந்த அந்தக் கைகளைப் பார்த்தாள். மணி நின்றது.

"யாரு, அண்ணியா?" அசிஸ்டெண்டின் குரலில் அவ்வளவு சந்தோஷம். "சொல்லுங்க அண்ணி. அண்ணனுக்குக் கை சரியாயிடுச்சா? பெரியவர் பக்கத்துலதான் இருக்கார்."

அக்கா போனை வாயருகே கொண்டுபோனாள்.

"இல்லைங்க. ராங் நம்பர்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.