யோர்டிஸ் பிறந்த கார்

யோர்டிஸைத் தெரியாதவர்கள் எங்கள் ஏரிக்கரையில் இருக்க முடியாது. ஓய்வு பெறும்வரை எல்லாப் பண்ணைகளுக்கும் மஞ்சள் தபால் காரில் கடிதம் கொண்டுபோனவள் அவள்தான். முழங்கால் அளவு பனி கிடந்தாலும் வந்துவிடுவாள். வந்தால் சும்மா போகமாட்டாள்; உங்கள் வண்டியின் சத்தத்தைக் கேட்டு, அதற்கு என்ன கோளாறு என்று சொல்லிவிட்டுத்தான் போவாள். கேட்காத யோசனை சொல்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை. எனக்கும் அதே வியாதி உண்டு என்பதால்தான் எங்களுக்குள் ஒத்துப்போனது என்று என் மனைவி இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

தபால் சுற்றில் அவளுக்குக் கடைசி இடம் என் பட்டறை. இரும்படுப்பில் காபி கொதித்துக்கொண்டிருக்கும். சுவரோரம் கிடக்கும் பழைய கார் சீட்டில் தொப்பென்று உட்காருவாள். சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு காபியை உறிஞ்சுவாள். வலது கை மட்டும் ஒரு இடத்தில் இராது. சீட்டின் ஓரத்தில் தடித்த நூலால் தைத்த கிழிசல் ஒன்று உண்டு. அந்தத் தையலுக்குள் விரலை விட்டு நோண்டிக்கொண்டே இருப்பாள்.

"ஏய், சீட்டுக்குள்ள அடைச்ச குதிரைமுடியெல்லாம் வெளிய வருது. கையை எடு."

"வந்தா எடுத்து உன் தலையில ஒட்டிக்கோ ஹால்வர். அங்கதான் காலியா கெடக்கு."

ஓய்வு பெற்ற பிறகும் அந்த நேரத்துக்கு வந்துவிடுவாள். கடிதம் மட்டும் இருக்காது.

அவள் பிறந்தது ஒரு காரில். 1938 ஜனவரியில் அவள் அப்பா மரம் வெட்டும் முகாமில் இருந்தார். அம்மாவுக்கு வலி எடுத்ததும் எல்னா சித்திதான் டாக்சிக்கார மான்ஃப்ரெட்டை வரவழைத்து, துணைக்குக் கூடவே ஏறிக்கொண்டாள். மான்ஃப்ரெட்டிடம் பெரிய செவர்லே கார் இருந்தது. பாதி வழியில் பனிப்புயலில் அது சிக்கிக்கொண்டது. மான்ஃப்ரெட் வெளியே மண்வாரியால் பனியைத் தள்ளிக்கொண்டிருக்க, பின்சீட்டில் யோர்டிஸ் பிறந்தாள். அம்மா அவளைக் கோட்டுக்குள் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வரைக்கும் தாலாட்டு முனகிக்கொண்டே வந்தாளாம். ஆஸ்பத்திரி வாசலில் தூக்கி இறக்கும்போது அம்மாவின் உயிர் போய்விட்டது.

"எங்கம்மாவும் நானும் ஒண்ணா இருந்த ஒரே இடம் அந்தக் கார்தான்," என்று யோர்டிஸ் ஒருமுறை சொன்னாள். "ஒரே ஒரு தடவை அதுல உக்காந்து பாக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

அதற்காக அவள் அலையாத அலைச்சல் இல்லை. தபால் கொண்டுபோன இடமெல்லாம் கொட்டகைகளுக்குள் எட்டிப் பார்த்தாள். வாகனப் பதிவு அலுவலகத்தில், போர்க்காலத்தில் அந்தக் காரை உடைத்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டார்கள். அன்று பட்டறைக்கு வந்தவள் காபியைத் தொடவே இல்லை.

என்னிடமும் ஒரு கிழட்டு வண்டி உண்டு. போர்க்காலத்தில் டிராக்டர் கிடைக்காமல் எங்கள் பக்கத்து விவசாயிகள் பழைய கார்களை இடுப்போடு அறுத்து டிராக்டர் ஆக்கினார்களே, அதில் ஒன்று. என் அப்பா செய்தது. நாங்கள் அதை எருது என்று கூப்பிடுவோம். முன்னால் வோல்வோ முத்திரை இருந்ததால் நானும் அதை வோல்வோ என்றே நம்பி, ஊரெல்லாம் பெருமையும் அடித்துவிட்டேன்.

ஒரு கோடையில் டிராக்டர் ஊர்வலத்துக்கு எருதைக் கொண்டுபோக ஆசை வந்தது. எந்தக் காரை அறுத்தது என்று பலகையில் எழுதி மாட்டுவது அங்கே வழக்கம். எந்த ஆண்டு வோல்வோ என்று பார்க்கலாமே என்று வண்டியின் அடிச்சட்டத்தைச் சுரண்டினேன். கிரீஸுக்கும் மூன்று நிறப் பெயின்டுக்கும் அடியில் ஒரு எண் தெரிந்தது. பழங்கார் சங்கத்து ஒசியனுக்கு அதைச் சொன்னேன். சில வாரம் கழித்து அவர் போன் செய்தார்.

"ஹால்வர், உங்க வோல்வோ வோல்வோவே இல்லீங்க. முன்னால இருக்கிற ரேடியேட்டர் மட்டும்தான் அது. உங்கப்பா எங்கேயோ புடிச்சு மாட்டியிருக்காரு. வண்டி செவர்லே."

"என் மானம் போச்சு. யாரு வச்சிருந்தது?"

"உங்க பக்கத்து டாக்சிக்காரர்தான். மான்ஃப்ரெட்னு பேரு."

போனை வைத்துவிட்டு நேரே எருதிடம் போனேன். அலுவலகத்தில் யாரும் பொய் சொல்லவில்லை. டிராக்டராக மாறிய கார் பதிவிலிருந்து போய்விடும். கார் என்ற முறையில் அது செத்ததுதான். எருது என்னவோ யோர்டிஸின் கண்ணெதிரே என் உருளைக்கிழங்கை இழுத்துக்கொண்டிருந்தது.

யோர்டிஸ் வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். எருதைச் சுற்றிச் சுற்றி வந்து, ஸ்டீயரிங்கைத் தொட்டாள். முகம் மலர்ந்து, உடனே வாடியது.

"இது மான்ஃப்ரெட் உக்காந்த இடம். எங்கம்மா இருந்தது பின்னாலதானே? அந்தப் பாதி எங்க?"

"கோழிக்கூண்டு கூரையா இருந்துச்சு. அதுவும் துருப்பிடிச்சுப் போச்சு யோர்டிஸ்."

அவளுக்குக் காபி ஊற்றிக் கொடுத்தேன். வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள்.

"எல்னா சித்தி சாகுற வரைக்கும் ஒண்ணு சொல்லிச் சிரிப்பா," என்றாள் யோர்டிஸ். "தொப்புள்கொடி அறுக்க மான்ஃப்ரெட் கத்தியை நீட்டினாராம். இவளுக்கு ஒரே நடுக்கம். கொடியோட சேத்து சீட்டையும் கிழிச்சுட்டாளாம். அந்த மனுஷன் ஒரு வார்த்தை திட்டாம, செருப்புத் தைக்கிற நூலால அவரே..."

பேச்சு நின்றது. வலது கை விரலும் தையலுக்குள் நின்றது.

அவள் என்னைப் பார்த்தாள். நான் சீட்டைப் பார்த்தேன். இந்த ஊரில் பட்டறைக்குப் பட்டறை ஒரு கார் சீட்டு கிடக்கும்; எது எங்கிருந்து வந்தது என்று யார் கேட்கிறார்கள்? என் அப்பா எதையும் தூக்கி எறியாத கஞ்சர்; அறுத்த காரின் பின்சீட்டையும் எறியவில்லை. அந்தக் கஞ்சத்தனத்துக்காக அவர் உயிரோடு இருந்திருந்தால் அன்று கட்டிப்பிடித்திருப்பேன்.

"ஹால்வர், முப்பது வருஷமா எங்கம்மா மடியில உக்காந்து காபி குடிச்சிருக்கேன்."

சொல்லிவிட்டு, அந்த வயதில், குழந்தை மாதிரி அதில் சுருண்டு படுத்துவிட்டாள். எனக்கும் அழுகை வந்தது. மறைக்கத் தெரியவில்லை. கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய், யாரும் உள்ளே வராதபடி வாசலில் நின்றேன்.

ஊர்வலத்தன்று எருதின் பின்னால் தட்டுவண்டியைக் கோத்தேன். அதன்மேல் அந்தச் சீட்டை இறுக்கிக் கட்டினேன். முன்பாதியும் பின்பாதியும் ஒரே சாலையில், ஆஸ்பத்திரிக்குப் போகும் அதே சாலையில் நின்றன. யோர்டிஸ் நல்ல உடை உடுத்தி அதில் ஏறி உட்கார்ந்தாள்.

"போலாமா?" என்றேன்.

"மெதுவா ஓட்டு," என்றாள். "இந்தத் தடவை அவசரம் ஒண்ணும் இல்ல."