மைதா மாவில் செய்த குடில் ஆடுகள்

"குடில் பொம்மைகள். மூன்று ராஜாக்கள் திருநாளன்று (ஜனவரி 6) எடுத்து வைத்தது." புதுச்சேரியில் எங்கள் வீட்டுப் பிஸ்கட் டின் மூடியில் இப்படிச் சீட்டு ஒட்டியவன் நான்தான். கிறிஸ்துமஸ் குடிலுக்காக மகள் ஆக்னஸும் நானும் மைதா மாவு பிசைந்து செய்து, பெயிண்ட் அடித்த ஆடுகள் அதில் இருந்தன.

அடுத்த டிசம்பரில் மூடியைத் திறந்தேன். புளித்த நாற்றம் முகத்தில் அடித்தது. ஆடுகளின் வயிற்றைத் துளைத்துக்கொண்டு வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. டின்னைத் தரையிலேயே வைத்துவிட்டுப் பழைய பேப்பர் எடுக்கப் போனேன்.

"அப்பா, தம்பி ஆட்டைத் தின்னுட்டாம்பா!" என்று ஆக்னஸ் கத்தினாள்.

இரண்டு வயது மகனின் உதட்டில் மாவோடு ஒரு புழுவும் ஒட்டியிருந்தது. அவன் வாயைக் கழுவிவிட்டு டாக்டருக்குப் போன் செய்தேன்.

"புழு ஒண்ணும் பண்ணாதுங்க. பெயிண்ட் எவ்ளோ உள்ள போச்சுன்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார் அவர்.

அதற்காக, அவன் கடித்துத் துப்பிய துண்டுகளைப் புழுக்களோடு பொறுக்கி, பேப்பரில் ஆடாகச் சேர்த்துப் பார்த்தேன். தலை மட்டும் இல்லை.

"தேதி எழுதத் தெரிஞ்சுது. உள்ள இருக்கிறது மாவுன்னு எழுதத் தெரியலியா உங்களுக்கு?" என்றாள் மனைவி, மூக்கைப் பொத்தியபடி.

தலை மட்டும் காணவில்லை என்று டாக்டரிடம் சொன்னேன்; அவர் சொன்னபடி மறுநாள்வரை அவனைக் கவனித்தோம். ஒன்றும் ஆகவில்லை.

இப்போது மாவுப் பொம்மைகளுக்கு மஞ்சளும் பீட்ரூட் சாறும்தான் பூசுகிறோம். குடிலைப் பிரிக்கும் அன்றே அவற்றைக் குப்பையில் போட்டுவிடுகிறோம். அந்தத் தலையை மகன் விழுங்கினானா, புழுக்கள் முன்பே தின்றுவிட்டனவா என்பது மட்டும் இன்றுவரை உறுதியாகவில்லை.