பன்னிரண்டு போத்தல் கடல்

கண்ணுக்குத் தெரியாததைப் பிடிக்கச் சம்பளம் வாங்குகிறவளை ஊர் மதிக்காது. அப்படி ஏதாவது தொழிலில் மாட்டிக்கொண்ட துரதிர்ஷ்டசாலிகளே, இது உங்களுக்காக.

வலையில் என்ன?

மாதம் ஒருமுறை திருகோணமலைத் துறைமுக வாய்க்கு வெளியே படகில் போய், மெல்லிய வலை இழுத்து, கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களை ஒரு போத்தலில் பிடிப்பது என் வேலை. எந்தப் பருவத்தில் எது பெருகுகிறது என்று பார்க்கப் பன்னிரண்டு மாதமும் வேண்டும். ஒரு மாதம் தவறினாலும் என் தற்காலிக வேலை அம்போ என்று எங்கள் ஆராய்ச்சிக் கந்தோரில் எல்லோரும் சொன்னார்கள். முதல் நாள் கரையில் மீன் விற்கும் அக்கா ஒருவர் போத்தலை வெயிலில் தூக்கிப் பார்த்தார். "இவ்வளவு எண்ணெய் எரிச்சுப் போய், தண்ணியோ பிள்ளை கொண்டு வந்தனீங்கள்?"

பிளேன்டீ

உயிர்கள் கெடாமலிருக்க அயடீன் விடுவோம். நீர் பால் விடாத பிளேன்டீ நிறத்துக்கு வரும். ஜூன் மாதப் போத்தலைக் கந்தோர் பிரிட்ஜில் வைத்தது என் பிழை. எழுதுவினைஞர் மலர் அக்கா அதைக் கோப்பையில் ஊற்றி வாய்க்குக் கொண்டுபோகும்போது பாய்ந்து பறித்தேன். கோபம் வந்தது அவருக்குத்தான். "ஒரு வாய் தேத்தண்ணிக்கு இப்பிடிப் பறக்கிறீரே, பிள்ளை!"

டிசம்பர்

மாரியில் ஆற்றுநீர் கடலில் சேர, நுண்ணுயிர்கள் கல்யாண வீட்டுக்கு வந்த கூட்டம் மாதிரிப் பெருகும். அந்த நேரம் பார்த்து எனக்குக் காய்ச்சல். படகோட்டி அந்தோனி அண்ணன் தானே போய் வருவதாகச் சொன்னார். ஓர்ஸ் ஹில்லில் என் அறைக்குப் போத்தலும் வந்தது. நுணுக்குக்காட்டியே தேவைப்படவில்லை. உள்ளே இரண்டு நுளம்புக் குடம்பிகள், அதுதான் கொசுப் புழுக்கள், நெளிந்துகொண்டிருந்தன. கடலில் நுளம்பு! போனில் கத்தினேன்.

கடைசியில் ஒப்புக்கொண்டார். கடல் கொந்தளிப்பில் படகை இறக்க விடவில்லையாம். என் வேலை போய்விடுமே என்று வீட்டுப் பீப்பாய்த் தண்ணீரை நிரப்பியிருக்கிறார். கோபத்தோடு அழுகையும் வந்தது. என் வேலைக்காக அவ்வளவு கவலைப்பட்டவர் வேறு யாருமில்லை. "நீங்கள் உப்பு அளக்கிறனீங்கள் எண்டு மனிசியிட்டக் கேட்டு உப்பும் போட்டனான், தங்கச்சி."

வெறுங்கட்டம்

நவம்பர்க் கணக்கையே கொஞ்சம் கூட்டி எழுதி ஒப்பேற்றலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மனம் வரவில்லை. டிசம்பர்க் கட்டத்தை வெறுமையாக விட்டு, நடந்ததைச் சொல்லி, மேலதிகாரி அம்மாவிடம் அட்டவணையை நீட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "மாரியைப் பார்க்கத்தானே இவ்வளவும்? டிசம்பர் இல்லாட்டி இந்த வருசமே உதவாது. முதலிலயிருந்து இன்னொரு பன்னிரண்டு மாசம் நீர்தான் வலை இழுக்கவேணும். கடிதம் அடிக்கச் சொல்லுறன்."

ஆகவே அன்பர்களே, கடலில் ஒன்றும் பிடிக்காததற்காக வேலை நீடிக்கப்பட்டவள் இந்தத் துறைமுகத்தில் நான் ஒருத்திதான்.