விளக்கு எரிந்த பதினான்கு நிமிடம்

கேமராவுக்கு முன்னால் ஒரு முகம் இளகுவதற்கு எத்தனை நிமிடம் ஆகும் என்று கணக்கு வைத்திருந்தவன் நான். கரிசல்காட்டில் விவசாயம் பார்க்கும் சம்சாரிகளுக்கு ஆறு நிமிடம். மிளகாய் விலையை நான் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னால், என்னைத் திருத்துகிற வேகத்தில் நான்கு நிமிடத்திலேயே இளகிவிடுவார்கள். பள்ளிக்கூட வாத்தியார்களுக்கு ஒன்பது. போலீஸ்காரர்கள் கடைசிவரை இளகியதில்லை. மூன்று பேரை எடுத்திருக்கிறேன், மூன்று பேரும் என்னைக் கைது செய்ய வந்தவர்கள் மாதிரியே உட்கார்ந்திருந்தார்கள்.

கோவில்பட்டி பஜாரில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே இருந்தது என் ஸ்டுடியோ. பதினேழு படி ஏற வேண்டும். எழுபதுகளின் நடுவில் தொடங்கினேன். ஒரே அறை, ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தி இரண்டு பெரிய விளக்கையும் போட்டால் அடுப்படி மாதிரி காயும். பல்பு போய்விடுமே என்று எனக்கு ஓயாத கவலை. அதனால் விளக்குப் போட்ட நேரத்தையும் அணைத்த நேரத்தையும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நோட்டில் குறித்துவிடுவேன். அந்த நோட்டை இந்த எண்பத்திரண்டாவது வயதிலும் என்னால் மறக்க முடியவில்லை.

இன்னொரு பழக்கமும் இருந்தது. கூட வந்தவர்களை உள்ளே விடமாட்டேன். அம்மாவோ அண்ணனோ பக்கத்தில் நின்றால், உட்கார்ந்திருப்பவர் கேமராவைப் பார்க்காமல் அவர்கள் முகத்தையே பார்ப்பார். ஆகவே வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுக் கதவைச் சாத்துவேன். கதவு சாத்தினால்தான் விளக்கின் வெளிச்சமும் கட்டுக்குள் நிற்கும். இதில் தப்பாக எதுவும் எனக்குத் தோன்றியதில்லை. நான் படித்தவன், கண்ணியமானவன் என்று எனக்கே ஒரு நினைப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் வந்தாள். பத்தொன்பது வயது இருக்கும். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் படம் வேண்டும் என்றார் அம்மா. மாப்பிள்ளை விளாத்திகுளம் பக்கம். அம்மா பெஞ்சில் உட்கார்ந்தார். நான் கதவைச் சாத்தினேன்.

அந்தப் பெண் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தாள். மழை பற்றிப் பேசினேன். என்ன சாப்பிட்டாய் என்றேன், முந்தானை நுனியைத் திருகினாள். அவள் விரல் நுனிகளில் மருந்துக் கறை தெரிந்தது. தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்கிறவள். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம்.

"பெட்டியில குச்சி அடைக்கியா?" என்றேன்.

"ம்."

"ஒரு பெட்டிக்கு அம்பது குச்சின்னு மேல அச்சடிச்சிருக்கு. நான் வீட்டுல ஏழு பெட்டிய உடைச்சு எண்ணிப் பாத்தேன். ஒண்ணுலகூட அம்பது இல்ல."

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "எண்ணிப் பாத்தீயளா?"

"ஒண்ணுல நாப்பத்தேழு. ஒண்ணுல அம்பத்திமூணு."

"எங்க கைதான் அண்ணாச்சி அளவு. ஒரு பிடி அள்ளி ஒரு அமுக்கு. யாரு எண்ணுதா?" என்றவள், "ஏழு பெட்டிய உக்காந்து எண்ணுனீயளாக்கும்! வீட்டுல அக்கா ஒண்ணும் சொல்லலியா?" என்றாள்.

"குச்சிய எண்ணி முடிச்சாச்சுன்னா அரிசிய எண்ணுங்கன்னு சொன்னா."

அவள் சிரித்தாள். வாய் திறந்து, கண் சுருங்கி, தோள் குலுங்கிச் சிரித்தாள். எடுத்துவிட்டேன். அதற்கு முன்பு விறைப்பாக ஒன்று, கொஞ்சம் இளகி ஒன்று. மொத்தம் மூன்று. நோட்டில் எழுதினேன்: பதினான்கு நிமிடம்.

அன்று இரவே பிலிமைக் கழுவிப் பார்த்தேன். அதுவரை நான் எடுத்த ஆயிரத்துச் சொச்சம் முகங்களில் அப்படி ஒரு முகம் அமைந்ததில்லை. கர்வம்தான், வேறென்ன. விறைப்பான படத்தை அச்சிடவே இல்லை. சிரிப்பை மட்டும் அச்சிட்டு உறையில் போட்டு வைத்தேன்.

மூன்றாம் நாள் அம்மா மட்டும் வந்தார். உறையைப் பிரித்துப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. படத்தை அப்படியே மாராப்புக்குள் செருகிக்கொண்டு இறங்கிப் போனார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மறுநாள் காலை அவள் அண்ணன் வந்தான். புதியம்புத்தூரில் தையல் மிஷினில் உட்காருகிறவன். முப்பது வயதுக்குள் இருக்கும். படத்தை என் மேசையில் போட்டான்.

"இது என்னவே?"

"உங்க தங்கச்சி படம்."

"எங்க வீட்டுல அவ பல்ல நாங்களே பாத்ததில்ல. உம்மகிட்ட மட்டும் எதுக்குவே இப்பிடிச் சிரிக்கா? உள்ள வச்சு என்ன பேசுனீரு?"

"தீப்பெட்டி பத்திப் பேசினேன்."

"தீப்பெட்டி பத்தி!" என்றான். "எம்புட்டு நேரம் கதவு சாத்தியிருந்துது? எங்கம்மா அஞ்சு நிமிஷம் இருக்கும்ங்கா."

இங்கேதான் நான் செய்ததை இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை. ஆமாம், அஞ்சு நிமிஷம்தான் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் நோட்டை எடுத்தேன். என் நேர்மைக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை என்று நினைத்து, பக்கத்தைப் புரட்டி, விரல் வைத்துக் காட்டினேன்.

"அஞ்சு இல்ல. பதினாலு. பாருங்க, எழுதியே வச்சிருக்கேன்."

அவன் எழுத்துக் கூட்டி வாசித்தான். பிறகு அதே பக்கத்தில் மற்ற வரிகளையும் வாசித்தான். ஆறு, ஐந்து, ஒன்பது, ஆறு. பதினான்கு வேறு யாருக்கும் இல்லை.

"பிலிமு எத்தன?" என்றான். குரல் ரொம்பத் தணிந்திருந்தது.

"மூணு."

"குடும்."

கொடுத்தேன். என் மேசைக் கத்தரியை எடுத்து, துணி வெட்டுகிறவனின் நேர்த்தியோடு, ஒரே சீராக வெட்டினான். படத்தையும் வெட்டினான். நான் துண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். இருபத்தொன்று.

"ஞாயித்துக்கெழம கூட்டிட்டு வாரோம். நாங்க உள்ளதான் இருப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வந்தார்கள். அம்மா, அண்ணன், ஒரு அத்தை, நடுவில் அவள். கதவு அகலத் திறந்திருந்தது. அவள் கன்னத்தில் பவுடர் கொஞ்சம் கூடுதலாக அப்பியிருந்தது. இடது பக்கம் இன்னும் கூடுதல். விளக்கைப் போட்டதும், பவுடருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. விரல் நுனிகளில் மருந்துக் கறை இல்லை.

"ஆபீஸுக்குப் போகலியா?" என்று அம்மாவிடம் கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

"போன வாரத்துலருந்து நிப்பாட்டியாச்சு" என்றார் அம்மா. "இந்த எடமும் தட்டிப் போச்சுன்னா நாங்க என்ன செய்ய?"

நான் கேமராவுக்குப் பின்னால் போனேன். ஒன்று, இரண்டு என்று எண்ணி அழுத்தினேன். இரண்டு நிமிடம். அன்றைக்கு நோட்டில் எழுதவில்லை. அதற்குப் பிறகும் எழுதவில்லை.

அந்தப் படம் விளாத்திகுளம் போனது. கல்யாணம் முடிந்தது என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்ட அன்றுதான் ஒழுங்காகத் தூங்கினேன்.

ஒரு வருடம் கழித்து, எண்பதுகள் பிறந்த சமயம், ஒரு மத்தியானம் படியில் இரண்டு பேர் ஏறி வரும் சத்தம் கேட்டது. அவளும் அவள் புருஷனும். அவன் வெள்ளந்தியான ஆள். வந்ததுமே பேச்சைத் தொடங்கிவிட்டான்.

"அண்ணாச்சி, ரெண்டு பேருமா ஒரு படம் எடுக்கணும். ஒரே ஒரு ஒதவி. இவள எப்பிடியாவது சிரிக்க வச்சிருங்க. நீங்க எடுத்து அனுப்புன படத்தப் பாத்துட்டு, பொண்ணு ஊமையோன்னு எங்கம்மா கேட்டுட்டாவ. வீட்டுல என்னமாச் சிரிக்கா தெரியுமா! கேமராவக் கண்டா மட்டும் கல்லு மாதிரி ஆயிருதா."

கேமராவின் பின்னால் நின்றேன். தீப்பெட்டி என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவளைப் பார்த்தேன். அவள் தலையை மிக லேசாக, ஒரே ஒரு தடவை, வேண்டாம் என்று அசைத்தாள். நான் எண்ணி அழுத்தினேன். அவன் மட்டும் முகம் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"சரி, பஸ்ஸு நிக்குதான்னு பாக்கேன். நீ பைய வா" என்று அவளிடம் சொல்லிவிட்டு அவன் இறங்கினான். படியில் அவன் செருப்புச் சத்தத்தை எண்ண ஆரம்பித்தேன். நான்கு, ஐந்து.

"அண்ணாச்சி" என்றாள். "அந்தப் படத்துல நான் எப்பிடி இருந்தேன்?"

அம்மா பார்த்தார், அண்ணன் பார்த்தான், நான் பார்த்தேன். அந்தச் சிரிப்புக்கு அறை வாங்கியவளுக்கு அதை யாரும் காட்டவில்லை. ஒரு வருடம் இல்லை, நாற்பது வருடம் தேடினாலும் இனி காட்ட முடியாது.

பத்து, பதினொன்று. நல்ல வார்த்தை ஒன்றுகூட வரவில்லை.

"எட்டுப் பல்லு தெரிஞ்சுது" என்றேன். "மேல ஆறு, கீழ ரெண்டு. இடது கண்ணு முழுசா மூடியிருந்துது."

அவள் என்னையே பார்த்தாள். "அதையும் எண்ணுனீயளா?" என்றவள், முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. பொத்திய துணிக்கு மேலே, இடது கண் முழுசாக மூடியிருந்தது.

"ஏட்டி, பஸ்ஸு கெளம்பப் போகுது!" என்று கீழேயிருந்து அவன் கூப்பிட்டான்.

அவள் ஓடினாள். பிலிம் சுருளில் இன்னும் இரண்டு படம் மிச்சம் இருந்தது. நான் கேமராவைத் தொடவில்லை.